பி.எட். சேரும் முன்: பட்டதாரிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிகிரி ரிசல்ட் வந்ததும் ஆண்டுதோறும் அதே சறுக்கல்கள். விண்ணப்பத்தில் எழுத்துப் பிழை போன்றவற்றை விட்டுவிடலாம். வருடங்களைத் தின்பவை இவைதான்.

"காலேஜுக்கு வரவே வேண்டாம்"

வேலையில் இருக்கும் பட்டதாரிகளைத் தரகர்கள் வளைத்துப்போடும் வழி இது. வேறு மாநிலக் கல்லூரி, மொத்தமாகப் பணம், பரீட்சைக்கு மட்டும் போனால் போதும். சான்றிதழில் 'ரெகுலர்' என்றே இருக்கும் என்பார்கள். இன்னமும் இதில் போய் விழுகிறார்களே என்பதுதான் ஆற்றாமை.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமமான என்.சி.டி.இ.யின் 2014 விதிமுறைப்படி பி.எட். இரண்டு ஆண்டு. ஆண்டுக்கு 200 வேலை நாள், வாரத்துக்கு 36 மணி நேரம். வகுப்புக்கு 80 சதவீதம், பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம் வருகை வேண்டும். அதே இரண்டு ஆண்டுகளுக்கு வேறொரு ஊரில் சம்பளமும் பி.எஃப். பிடித்தமும் பதிவாகியிருந்தால்? அனுபவச் சான்றைக் காட்டினால் பட்டம் சந்தேகத்துக்குள்ளாகும். மறைத்தால் அனுபவம் வீண்.

பிடிபடாதவருக்கும் நஷ்டம்தான். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில் நின்று, பாடக்குறிப்பு எழுதி, ஒரு பீரியடுக்குள் பாடத்தை முடிக்கத் திணறி, வழிகாட்டி ஆசிரியரிடம் திருத்தம் வாங்கும் இடமே பி.எட்.டின் உயிர். அது இல்லாதவர் தனியார் பள்ளியின் டெமோ கிளாஸில் கரும்பலகைப் பக்கம் திரும்பியதுமே வகுப்பு கைவிட்டுப் போகும். வேலையை இப்போது விட முடியாதென்றால் ஓராண்டு பணம் சேர்த்துவிட்டுச் சேருங்கள். என்.சி.டி.இ. அங்கீகாரப் பட்டியலில் கல்லூரி பெயர் இருப்பது மட்டும் போதாது. அங்கே படிப்பவர்களிடம் தினமும் வகுப்பு நடக்கிறதா என்று கேளுங்கள்.

தொலைநிலை பி.எட்.

டிகிரி மட்டும் வைத்திருப்பவருக்கு இல்லை. தொடக்கக் கல்விப் பயிற்சி பெற்றுப் பணியில் இருப்போருக்கும், ஏற்கெனவே ஓர் ஆசிரியர் பயிற்சியை நேரடியாக முடித்தோருக்கும் மட்டுமே.

பி.எட். படித்துவிட்டு டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) முதல் தாள்

முதல் தாள் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிப்போருக்கானது. அந்த வகுப்புகளுக்கு பி.எட். தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்துவிட்டது. சின்ன வகுப்புகள்தான் ஆசை என்றால் தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயப் படிப்பான டி.எல்.எட். படியுங்கள். பி.எட். முடித்தவர் எழுத வேண்டியது இரண்டாம் தாள்.

பட்டத்தின் பெயர்

பள்ளிப் பாடத்தின் பெயரோடு ஒத்துப்போகாவிட்டால், இணையானது என்று சொல்லும் அரசாணையைத் தேடி எடுத்த பிறகே ஃபீஸ் கட்டுங்கள்.

பிளஸ் 2 இல்லாத திறந்தநிலைப் பட்டம்

தமிழ்நாட்டில் பி.எட். சேர்க்கைக்குச் செல்லாது.