9 ஆண்டுக்குப் பிறகு மீண்டும் அசைவம்

9 ஆண்டுகள் சைவமாக இருந்தேன். ஓயாத களைப்பு, விரல் நுனியில் மரமரப்பு. மருத்துவரிடம் போனபோது வைட்டமின் பி12, இரும்புச்சத்து இரண்டுமே குறைவு என்று தெரிந்தது. மாத்திரை போட்டுக்கொண்டே அசைவத்துக்குத் திரும்ப முடிவெடுத்தேன்.

முதல் தடவை தப்பு செய்தேன். பழைய நினைப்பில் ஒரு தட்டு நிறைய ஆட்டுக்கறி. இரண்டு நாள் வயிறு கல்லாகக் கிடந்தது. கறியைச் செரிக்கும் நொதியே உடம்பில் வற்றிப்போயிருக்கும் என்று பலர் சொன்னார்கள். அது சரியல்ல. பருப்பின் புரதத்தை உடைக்கும் அதே பெப்சின், டிரிப்சின் நொதிகள்தான் கறியையும் உடைக்கின்றன. என்னைப் படுத்தியது கொழுப்பும் அளவும் என்றே நினைக்கிறேன். அன்று தட்டில் ஒரு காய்கூட இல்லை.

பிறகு முட்டையில் தொடங்கினேன். அடுத்த வாரம் எலும்பு சூப், அப்புறம் இரண்டு விரல் அகலத்தில் ஒரு மீன் துண்டு, அதன்பின் கோழி. எப்போதும் மதியத்தில், காய்கறியோடு, நன்றாக மென்று. ஆட்டுக்கறிக்கு இரண்டு மாதம் பொறுத்தேன்.

வயிற்றைவிட மனசைப் பழக்குவதுதான் கடினமாக இருந்தது. முதல் மீன் துண்டை வாயில் வைத்தபோது கண் கலங்கிவிட்டது. ஒரு துண்டும் வீணாகக் கூடாது என்று இன்றும் தேவையான அளவு மட்டுமே சமைக்கிறேன். மூன்றாம் மாதப் பரிசோதனையில் பி12 சரியான அளவுக்கு வந்திருந்தது. மரமரப்பு போக இன்னும் சில வாரங்கள் ஆயின.