பிழை பொறுக்கும் கோல்ஃப் கிளப்: உங்கள் ஆட்டத்துக்கு எது பொருந்தும்?

கடைக்குக் கிளம்புமுன் பயிற்சித் திடலில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். 7 அயர்னின் (உலோகத் தலை கொண்ட கிளப்; எண் கூடக் கூடத் தூரம் குறையும்) முகப்பை ஈரமில்லாமல் துடைத்து, கால் வியர்வைக்கு அடிக்கும் பவுடர் ஸ்ப்ரேயை மெல்லிய படலமாகப் பூசி, பத்துப் பந்துகள் அடியுங்கள். இடையில் துடைக்க வேண்டாம். ஒவ்வொரு அடியும் பந்தின் குழிகளோடு ஒரு வட்டத் தடத்தை விட்டுச் செல்லும். (பவுடர் உராய்வைக் குறைப்பதால் அப்போது பந்து போகும் தூரத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள்.)

தடங்களின் மையங்கள் 1 செ.மீ. வட்டத்துக்குள் அடங்கினால் எந்த கிளப்பும் உங்கள் கைக்கு வரும். டோ எனும் நுனியிலிருந்து ஹீல் எனும் ஷாஃப்ட் (தண்டு) பக்கம்வரை 2 செ.மீ.க்கு மேல் சிதறினால், பிழை பொறுக்கும் கிளப்தான், அதாவது மையம் தவறிப் பட்டாலும் பந்தை அதிகம் வழிதவற விடாத வகைதான், உங்களுக்கு வேண்டும். ஆட்டத் திறனைக் காட்டும் ஹேண்டிகேப் எண்ணைவிட (குறைவாக இருந்தால் நல்ல ஆட்டம்) இந்தத் தடங்களையே நம்பலாம். ஒரே ஹேண்டிகேப் உள்ள இருவரில் ஒருவர் அயர்னில் சொதப்புவார், மற்றவர் பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டிங்கில்.

மையம் தவறிப் பட்டால் கிளப்பின் தலை திரும்பிவிடும். தூரமும் திசையும் அங்கேதான் பறிபோகின்றன. எடையை நடுவில் குவிக்காமல் ஓரங்களுக்குத் தள்ளினால் தலை திரும்ப மறுக்கும். அந்த மறுப்பின் அளவுதான் எம்ஓஐ. பொறியாளரான கார்ஸ்டன் சோல்ஹைம் 1959-இல் இந்த யோசனையைப் பட்டரில் செய்து காட்டினார். பிங் என்ற கோல்ஃப் கிளப் நிறுவனம் அதிலிருந்து பிறந்தது. இன்றைய கேவிட்டி பேக் அயர்ன்களின் பின்புறம் குடைந்திருப்பதற்கும் அதே காரணம்தான்.

நெடுந்தூரம் அடிக்கும் கிளப்பான டிரைவரின் தலைக் கொள்ளளவு 460 கன செ.மீ.க்கும், எம்ஓஐ 5,900 கிராம்-சதுர செ.மீ.க்கும் மேல் போகக்கூடாது என்பது விதி. இரண்டிலும் சிறு சலுகை உண்டு. ‘10கே’ என்று விற்கும் டிரைவர்கள் விதியை மீறியவை அல்ல. பக்கவாட்டு, மேல்-கீழ் என இரு திசை எம்ஓஐயையும் கூட்டிச் சொல்லும் எண் அது.

எம்ஓஐ காப்பது மையம் தவறிய அடியை மட்டும். முகப்பு திறந்தபடி வந்து பந்து வலப்பக்கம் வளைந்தால் (இதுதான் ஸ்லைஸ்) எவ்வளவு பெரிய தலையாலும் அதைத் தடுக்க முடியாது (வலக்கை ஆட்டக்காரருக்குச் சொல்கிறோம்). டிரைவரிலும் பவுடர் அடித்துப் பாருங்கள். தடங்கள் ஹீல் பக்கம் குவிந்தால் ஸ்லைஸின் ஒரு பங்கு அங்கிருந்துதான் வருகிறது. கிரிப்பை 1 அங்குலம் கீழே பிடித்து அடியுங்கள். தடம் நடுவுக்கு வந்தால் குட்டையான ஷாஃப்ட் கேளுங்கள். வெறுமனே வெட்டினால் தலை லேசாகத் தோன்றும்; அரை அங்குலம் வெட்டினாலே ஸ்விங்வெயிட் (வீசும்போது உணரும் தலைப்பாரத்தின் அளவு) சுமார் 3 புள்ளி இறங்கும். புள்ளிக்கு ஏறக்குறைய 2 கிராம் வீதம் தலையில் எடை சேர்க்கச் சொல்லுங்கள். லோஃப்ட் எனும் முகப்பின் சாய்வுக் கோணத்தில் கௌரவம் பார்க்காதீர்கள். ஸ்விங் வேகம் மணிக்கு 85 மைலுக்குக் கீழ் என்றால் 9 டிகிரியை மறந்துவிட்டு 12-ஐ முயலுங்கள்.

அயர்னில் ஹேண்டிகேப் 20-க்கு மேல் இருப்பவர்களுக்கு அகலமான அடிப்பாகமும் தடித்த மேல்விளிம்பும் ஆஃப்செட்டும் (முகப்பு ஷாஃப்ட்டுக்குச் சற்றுப் பின்தள்ளி இருப்பது) உதவும். 3, 4 அயர்ன்களை விட்டுவிட்டு ஹைப்ரிட் (அயர்னுக்கும் பருத்த தலை கிளப்புக்கும் இடைப்பட்ட வகை) எடுங்கள், 5-ஐயும் விடலாம். 10 முதல் 20 வரை உள்ளவர்களுக்கு ஓரளவு மெல்லிய கேவிட்டி பேக் போதும். அதற்கும் கீழே இருப்பவர்கள் 4, 5, 6-இல் பொறுக்கும் வகையும், 8, 9-இல் மெல்லிய வகையும் கலக்கலாம். அகலமான அடிப்பாகம் பந்தைத் தொடுமுன்பே மண்ணில் பட்டாலும் புதையாமல் வழுக்கிச் செல்லும். வெயிலில் இறுகிய புல்லற்ற தரையிலோ அதுவே துள்ளிப் பந்தின் நடுவில் அடித்துவிடும். நீங்கள் ஆடும் மைதானத்தின் தரையையும் பார்த்தே முடிவெடுங்கள்.

பலரும் கவனிக்காமல் விடுவது லோஃப்ட் இடைவெளியை. பழைய 7 அயர்ன் 34 டிகிரி. இப்போதைய பொறுக்கும் வகையில் 27 முதல் 30 வரை. கடையில் பந்து 10 கெஜம் கூடுதலாகப் பறந்தால், அடிப்பது பெயரளவில்தான் 7 அயர்ன் என்பதை நினைவில் வையுங்கள். குறுகிய தூரத்துக்கான கிளப்புகள் வெட்ஜ்கள். அந்த செட்டின் பிட்சிங் வெட்ஜ் 43 டிகிரி, உங்கள் சாண்ட் வெட்ஜ் 56 என்றால் நடுவில் 13 டிகிரி ஓட்டை. 49 அல்லது 50 டிகிரியில் ஒரு வெட்ஜ் வாங்கியே ஆகவேண்டும். பையில் 14 கிளப்புக்கு மேல் கூடாது என்பதால் இந்தக் கணக்கை முதலிலேயே போடுங்கள்.

ஷாஃப்ட்டின் விறைப்பைச் சொல்லும் ரெகுலர், ஸ்டிஃப் என்பதற்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ரெகுலர் இன்னொன்றின் ஸ்டிஃப் போலவே இருக்கலாம். எழுத்தைப் பார்த்து வாங்காமல் அடித்துப் பார்த்து வாங்குங்கள்.

லை கோணத்தை (ஷாஃப்ட்டுக்கும் தரைக்கும் இடையிலான கோணம்) நீங்களே சோதிக்கலாம். பந்தில் ஒயிட்போர்டு மார்க்கரால் தடித்த கோடு போட்டு, கோடு செங்குத்தாக முகப்பைப் பார்க்கும்படி வைத்து அடியுங்கள். முகப்பில் பதிந்த கோட்டின் மேல்முனை டோ பக்கம் சாய்ந்தால் கிளப் அதிகம் நிமிர்ந்திருக்கிறது. பந்து இடப்பக்கம் போகும். ஹீல் பக்கம் சாய்ந்தால் நேர்மாறு. ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) தலையை வளைத்துச் சரிசெய்வது எளிது. வார்ப்பு எஃகு என்றால் எத்தனை டிகிரி தாங்கும் என்று வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பட்டருக்கு ஒரே சோதனை போதும். ஷாஃப்ட்டை விரல்மேல் கிடையாக நிறுத்துங்கள். முகப்பு வானம் பார்த்தால் நேர்கோட்டில் தள்ளுபவருக்கும், டோ தொங்கினால் வில்லாக வீசுபவருக்கும் பொருந்தும்.

முடிந்தால் கடைப் பாயில் மட்டும் அடித்துப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். பந்தை எட்டுவதற்கு 2 அங்குலம் முன்பே தரையில் பட்டாலும் பாயில் கிளப் வழுக்கிப் போய் நல்ல அடிபோலத் தெரியும். டெமோ கிளப்பைக் கேட்டு வாங்கி, புல்தரையில் 20 பந்து அடித்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.