தடித்த வெளிக்கோட்டிலும் எழுத்து மெலியாமல் இருக்க

இங்க்ஸ்கேப் என்னும் வரைகலை மென்பொருளில் தமிழ்த் தலைப்புக்குத் தடித்த வெளிக்கோடு போடும்போது, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் விசைகளை அழுத்தித் திறக்கும் பலகத்தில் கோட்டின் பாணிப் பகுதிக்குச் சென்று, கோடு எழுத்தின் உள்நிறத்துக்குப் பின்னால் அமையும் வரிசையைத் தேர்ந்தெடுங்கள். கோடு எப்போதும் எழுத்தின் விளிம்பை நடுவாகக் கொண்டே வரையப்படுவதால் அதன் பாதித் தடிமன் உள்ளே புகுந்து எழுத்தை மெலியச் செய்கிறது. பின்னால் தள்ளினால் வெளிப்பாதி மட்டுமே தெரியும். ஆகவே 2 மில்லிமீட்டர் விளிம்பு வேண்டுமென்றால் 4 என்று கொடுக்க வேண்டும். கோட்டின் மூலைகளை வளைவாக வைத்தால் கூர்முனைகள் துருத்தாது.

இம்முறையில் எழுத்து வெறும் வடிவமாக மாறாமல் திருத்தக்கூடிய எழுத்தாகவே இருப்பதால், ஏப்ரலில் தமிழ்மொழி விழாவுக்குச் செய்த பதாகையைத் தீபாவளிக்கு மாற்றும்போது சொற்களை மட்டும் திருத்தினால் போதும். சமூக மன்ற நிகழ்ச்சிகளுக்குத் தொண்டூழியமாக வடிவமைப்போருக்கு இது பெரிய உதவி.

நிறம் ஒளி ஊடுருவுவதாகவோ உள்ளே வெறுமையாகவோ இருந்தால் பின்னாலுள்ள கோடு தெரிந்துவிடும்; அங்கே இம்முறை பொருந்தாது. 'ண', 'ஞ' போன்றவற்றின் சுழிகளும் மிகத் தடித்த கோட்டில் அடைபடும். இவ்வரிசையை அறியாத பழைய மென்பொருளில் கோடு மீண்டும் மேலே வந்துவிடும் என்பதால், அச்சகத்துக்கு அனுப்புமுன் சோதித்துப் பாருங்கள்.