வீட்டைக் கடைசியில் பாருங்கள்: கிராமத்தில் நிலத்தோடு வீடு வாங்கப் போகிறவர்களுக்கு

முதன்முதலில் பார்க்கப் போன கிராமத்து வீட்டில், இருந்த ஒரு மணி நேரமும் நான் வீட்டுக்குள்ளேயேதான் சுற்றினேன். அகலமான வராந்தா, உயரமான கூரை, ஜன்னலைத் திறந்தால் வயல். கிணற்றை எட்டிப் பார்த்ததோடு சரி. முன்பணம் கொடுக்கத் தயாராகிவிட்டோம். தண்ணீரைப் பரிசோதித்துவிட்டுக் கொடுக்கலாமே என்றாள் மனைவி. அறிக்கை வந்தது: நைட்ரேட் லிட்டருக்கு 85 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 50. அந்த வரம்பே புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளை நினைத்துப் போட்டதுதான். அளவு மிஞ்சினால் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும். எங்கள் மகளுக்கு அப்போது நான்கு மாதம். வீட்டை விட்டுவிட்டோம்.

அதனால் நான் சொல்லும் வரிசை இதுதான்: முதலில் தண்ணீர், பிறகு கழிவுநீர், பாதை, எல்லை, மண். வீடு கடைசியில். வீட்டைப் பணம் போட்டுச் சரிசெய்யலாம். வற்றும் கிணற்றையும் வழியில்லாத நிலத்தையும் அப்படிச் சரிசெய்ய முடியாது.

நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வயலுக்குப் போடும் உரத்திலிருந்தும், தொழுவத்துச் சாணத்திலிருந்தும், பழுதான கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் நிலத்தடி நீரில் இறங்குகிறது. காய்ச்சினால் போகாது, நீர் ஆவியாவதால் அடர்த்திதான் கூடும். நைட்ரேட்டோடு ஃப்ளோரைடு (வரம்பு 1.5 மில்லிகிராம்), ஆர்சனிக் (0.01), ஈ.கோலை கிருமி ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஈ.கோலை 100 மில்லி நீரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. மாதிரி எடுக்க ஆய்வகம் தரும் சுத்தமான குப்பியையே பயன்படுத்துங்கள்.

தரம் சரியாக இருந்தால் போதாது, அளவும் வேண்டும். 20 லிட்டர் வாளி எத்தனை வினாடியில் நிரம்புகிறது என்று பாருங்கள். ஆனால் முதல் வாளியை நம்பாதீர்கள். மோட்டாரை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். நீர்மட்டம் எவ்வளவு இறங்கியது, எவ்வளவு நேரத்தில் ஊறி ஏறியது என்று கயிறு விட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இதைக் கோடையின் கடைசியில் செய்வதுதான் சரியான சோதனை. இப்போது நாங்கள் இருக்கும் வீட்டுக்காக அந்தக் காலம் வரும்வரை ஏழு வாரம் காத்திருந்தோம். விற்பவருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

அடுத்து கழிவுநீர். தொட்டி எங்கே இருக்கிறது, அதிலிருந்து நீர் எந்தப் பக்கம் மண்ணில் இறங்குகிறது, கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்று கேளுங்கள். வறண்ட காலத்திலும் ஓரிடத்தில் மட்டும் புல் செழித்து, தரை சதசதவென்றிருந்தால் மண் இனி நீரை ஏற்கவில்லை என்று பொருள். கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும் என்று நான் வைத்துக்கொண்டேன். உங்கள் ஊர் விதி அதிகம் கேட்டால் அதுவே கணக்கு.

சாலையிலிருந்து வீட்டுக்குப் போகும் பாதை யாருடையது? இதைக் கேட்காமல் வாங்கியவர்களின் கஷ்டத்தை நேரில் பார்த்திருக்கிறேன். பல வருடமாகப் போய்வருகிறோம் என்ற வாய்வார்த்தை போதாது. வழி அடுத்தவர் நிலத்தில் போனால், அந்த உரிமை பத்திரத்தில் எழுதிப் பதிவாகியிருக்க வேண்டும். அகலமும் குறித்திருக்க வேண்டும், ஏனென்றால் கார் போகும் வழியில் லாரி போகாது.

வேலி இருப்பதால் அதுதான் எல்லை என்று நினைக்காதீர்கள். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. நாங்கள் வாங்கியது மூன்றரை ஏக்கர், கிட்டத்தட்டச் சதுரம், ஒரு பக்கம் 119 மீட்டர். சர்வேயர் அளந்தபோது ஒரு பக்கத்து வேலி 2 மீட்டர் உள்ளே தள்ளி இருந்தது. கேட்கச் சின்ன விஷயம், ஆனால் போவது 2,500 சதுர அடிக்கு மேல். பக்கத்து நிலத்துக்காரரையும் வைத்துக்கொண்டே கல் நட்டோம். பணம் கைமாறும் முன்பே நட்டதால் மனஸ்தாபம் வரவில்லை. நிலத்தில் யாராவது குத்தகைக்குப் பயிர் செய்கிறார்களா, வில்லங்கம் உண்டா, வீட்டை விரிவாக்க அனுமதி கிடைக்குமா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் விட்டுவிடுங்கள்.

மண்ணுக்கு எளிய வழி இருக்கிறது. கண்ணாடி ஜாடியில் கைப்பிடி மண் போட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் படியும், வண்டலுக்குச் சில மணி நேரம் ஆகும், களிமண் படிய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். நான்கு மூலையிலும் எடுங்கள்.

அப்புறம் வீடு. கூரை ஒழுகல், கரையான் ஏறிய மண் தடம், பழைய மின்கம்பி, மோட்டாருக்கு மும்முனை மின்சாரம். இவற்றை ஒரு அனுபவசாலியை அழைத்துப் போய் அரை நாளில் பார்த்துவிடலாம்.

நல்ல மழை நாளில் ஒருமுறை போங்கள். அன்றே அக்கம்பக்கத்தாரிடமும் பேசுங்கள். எந்த மாதத்தில் மருந்து அடிக்கிறார்கள், காற்று எந்தப் பக்கம் வீசும், தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று கேளுங்கள். எங்களுக்குப் பக்கத்து வயல்காரப் பெரியவர் பதிலே சொல்லாமல் மோட்டார் அறைக்கு அழைத்துப் போய், சுவரில் முழங்கால் உயரத்தில் இருந்த சேற்றுக் கறையைக் கைத்தடியால் தொட்டுக் காட்டினார். வாங்கிய கையோடு சுவிட்ச் பலகையைத் தோள் உயரத்துக்கு ஏற்றினோம். மூன்றாம் வருடம் தண்ணீர் அந்தக் கறைவரை வந்து நின்றது.