சாவி உள்ளே, ஆள் வெளியே: மோட்டார்ஹோம் பூட்டிக்கொண்டால் என்ன செய்வது?

அமெரிக்காவில் வாடகைக்கு ஆர்வி, அதாவது படுக்கையும் அடுப்பும் வைத்த மோட்டார்ஹோம் வண்டி எடுத்துக்கொண்டு கிராண்ட் கேன்யன், யெல்லோஸ்டோன் என்று குடும்பத்தோடு கிளம்பும் நம்மவர்கள், கழிவுநீர்க் குழாயை எப்படி மாட்டுவது, ரிவர்ஸ் எப்படி எடுப்பது என்று மணிக்கணக்கில் வீடியோ பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள். கதவைப் பற்றி மட்டும் யாரும் யோசிப்பதில்லை. ஆனால் ஆர்வியின் வாசற்கதவு கொஞ்சம் குணம் கெட்ட கதவு. உள்பக்கம் கைப்பிடிக்குப் பக்கத்தில் விரல் நுனி அளவுக்கு ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், அதுதான் பூட்டு. கொசுவலைக் கதவை வேகமாகச் சாத்தும்போதோ, குழந்தை விளையாட்டாகத் தட்டிவிட்டாலோ அது பூட்டும் பக்கம் சாய்ந்துவிடும். அந்த நிலையில் காற்று ஓர் அடி அடித்துக் கதவைச் சாத்தினால் போதும், நீங்கள் வெளியே, சாவி உள்ளே சாப்பாட்டு மேசை மேல்.

இது கிளாஸ் சி வண்டியை மனதில் வைத்து எழுதுவது. அதாவது முன்பக்கம் ஃபோர்டு வேன் மாதிரி இருக்கும், டிரைவர் தலைக்கு மேலே ஒரு படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும், வாடகைக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலும் இதுதான். பஸ் மாதிரி இருக்கும் கிளாஸ் ஏ, வேனையே வீடாக்கிய கிளாஸ் பி இரண்டுக்கும் எங்கே வேறுபடுகிறதோ அங்கே சொல்கிறேன்.

கதவைத் தொடுவதற்கு முன்

உள்ளே குழந்தையோ, நாயோ, தானாக எழுந்து வர முடியாத பெரியவரோ இருந்து வெளியே வெயிலும் இருந்தால், கீழே உள்ள எதையும் படிக்க வேண்டாம், அவசர உதவி எண் 911-ஐக் கூப்பிடுங்கள். மூடிய காருக்குள் 10 நிமிடத்தில் 20 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறிவிடும் என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை சொல்கிறது. ஆர்வி பெரியது, கொஞ்சம் மெதுவாகச் சூடாகலாம், ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. நிலைமை மோசமானால் கண்ணாடியை உடைக்கலாம், காசைப் பார்க்கிற நேரம் இல்லை அது.

உள்ளே யாரும் இல்லை, ஆனால் அடுப்பில் சாம்பார் கொதிக்கிறது என்றால் அதை வெளியிலிருந்தே அணைக்கலாம். கிளாஸ் சி, கிளாஸ் ஏ வண்டிகளில் அடுப்புக்கு வாயு தரும் புரொப்பேன் டேங்க் வண்டியின் அடியில் சட்டத்தோடு பொருத்தியிருக்கும், பக்கவாட்டில் ஒரு சின்ன மூடியைத் திறந்தால் வால்வு தெரியும், கடிகாரம் சுற்றும் திசையில் இறுகும்வரை திருப்புங்கள். குழாயில் மிச்சமிருக்கும் வாயு கொஞ்ச நேரம் எரிந்துவிட்டு அடுப்பு தானே அணைந்துவிடும். உள்ளே மின்சார ஹீட்டரோ இண்டக்‌ஷன் அடுப்போ ஓடினால், நீங்கள் ஒயரைச் சொருகிய கம்பத்திலேயே பிரேக்கர் இருக்கிறது, அதைக் கீழே தள்ளுங்கள். தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துவிட்டு வந்திருந்தால் ஹோஸ் மாட்டிய இடத்தில் மூடிவிடலாம்.

சரி, இப்போது பதற வேண்டிய காரணம் எதுவும் இல்லை. இனிமேல் அவசரப்பட்டால்தான் செலவு.

படி 1: வண்டியை ஒரு சுற்று சுற்றுங்கள்

எல்லாரும் செய்கிற முதல் வேலை, பூட்டிக்கொண்ட அந்த வாசற்கதவையே பிடித்து இழுத்துக்கொண்டிருப்பது. அதை விட்டுவிடுங்கள். கிளாஸ் சி வண்டியில் டிரைவர் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு, வாசற்கதவு என்று மொத்தம் மூன்று வழி இருக்கிறது. டிரைவர் இருக்கையிலிருந்து எழுந்து அப்படியே வீட்டுப் பகுதிக்கு நடந்துவிடலாம், நடுவில் சுவர் கிடையாது. அதனால் முன்கதவு இரண்டில் ஒன்று திறந்திருந்தாலே கதை முடிந்தது. பக்கத்து இருக்கைக் கதவு பூட்டாமல் கிடப்பது சர்வசாதாரணம், ஏனென்றால் டிரைவர் தன் பக்கத்தை மட்டும் பார்த்துக்கொள்வார்.

கிளாஸ் பி-யில் பின்கதவையும் சேர்த்துப் பாருங்கள். கிளாஸ் ஏ-யில் பெரும்பாலும் டிரைவருக்குத் தனிக் கதவே இருக்காது, அங்கே ஜன்னல்தான் கதி.

படி 2: சாவி கையில் இருந்தும் திறக்கவில்லையா?

இதுவும் நடக்கும். வாசற்கதவில் பொதுவாக இரண்டு பூட்டு, கைப்பிடியில் ஒன்று, அதற்கு மேலே டெட்போல்ட் எனும் தனித் தாழ்ப்பாள் பூட்டு ஒன்று. இரண்டுக்கும் ஒரே சாவியாகவும் இருக்கலாம், தனித்தனிச் சாவியாகவும் இருக்கலாம், ஆகவே கொத்தில் இருக்கும் எல்லாவற்றையும் இரண்டு துளையிலும் போட்டுப் பாருங்கள். நம்பர் போட்டுத் திறக்கும் கீபேட் பூட்டு என்றால் பேட்டரி செத்திருக்கும், அதிலும் சாவித் துளை ஒன்று எங்காவது ஒளிந்திருக்கும்.

சாவி திரும்புகிறது, ஆனால் கதவு அசையவில்லை என்றால் ஒரு கையால் கதவை உள்பக்கமாக நன்றாக அழுத்திக்கொண்டே மறு கையால் கைப்பிடியை இழுங்கள். மேடு பள்ளமான இடத்தில் வண்டியை நிறுத்தினால் அதன் உடம்பே லேசாக முறுக்கிக்கொள்ளும், கதவுச் சட்டம் தாழ்ப்பாளைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அழுத்தும்போது அந்தப் பிடி தளரும். அப்படியும் வராவிட்டால், முன்கதவு வழியாக ஏறி வண்டியைச் சமதரைக்கு நகர்த்திவிட்டு முயன்று பாருங்கள், பல சமயம் ஒன்றுமே நடக்காதது போலத் திறந்துகொள்ளும்.

படி 3: வெளிப்பக்க ஸ்டோரேஜ் கதவுகள்

வண்டியின் அடிப்பக்கத்தில் நாற்காலி, ஹோஸ் எல்லாம் வைக்கிற சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன அல்லவா, சில வண்டிகளில் அந்த அறைக்கு மேலேதான் படுக்கையோ சாப்பாட்டு மேசையின் பெஞ்சோ இருக்கும். பலகையை உள்ளேயிருந்து மேலே தள்ளினால் வீட்டுக்குள் வந்துவிடலாம். ஒல்லியான ஆள் வேண்டும், டீன்ஏஜ் பிள்ளைகள் இதற்குத் தயாராகவே இருப்பார்கள். எல்லா வண்டியிலும் இந்த வழி கிடையாது, பலவற்றில் அடியில் முழுதாக மூடியிருக்கும்.

அந்தக் கதவும் பூட்டியிருந்தால்? இங்கேதான் ஆர்வி உலகத்தின் பரம ரகசியம் இருக்கிறது, ரகசியம் என்று சொன்னாலும் ஊருக்கே தெரிந்ததுதான். பெரும்பாலான ஆர்விகளின் ஸ்டோரேஜ் பூட்டுக்கு ஒரே சாவி. வண்டி எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி. சாவியை எடுத்துப் பார்த்தால் அதன் தலையில் சிஎச்751 என்று பொறித்திருக்கும். கேம்ப்கிரவுண்டில், அதாவது வண்டிகளை நிறுத்தித் தங்கும் இடத்தில், பக்கத்தில் நிற்கும் ஆர்விக்காரரிடம் கேட்டால் அவர் கொத்திலும் அதே எண்ணில் ஒன்று தொங்க வாய்ப்பு அதிகம். அந்தச் சாவி உங்கள் பெட்டியைத் திறக்கும்போது வரும் சந்தோஷம், நம் சாமானையும் யார் வேண்டுமானாலும் இப்படித்தான் திறக்கலாம் என்று உறைக்கும்போது இறங்கிவிடும். லேப்டாப்பை அங்கே வைக்காதீர்கள்.

படி 4: ஜன்னல்

நகரும் ஜன்னல் ஒன்று சரியாகத் தாழ் போடாமல் இருந்தால் அதிர்ஷ்டம். கொசுவலையை ஓரத்திலிருந்து மெதுவாக எடுத்துவிட்டு, கண்ணாடியை இரு உள்ளங்கையாலும் அழுத்தி நகர்த்திப் பாருங்கள். வாசற்கதவுக்குப் பக்கத்து ஜன்னல் என்றால் ஆள் ஏறி விழ வேண்டிய அவசியமே இல்லை, நிழல் பந்தலை இழுக்கும் கொக்கி வைத்த நீளக் கம்பி இருந்தால் அதை உள்ளே விட்டு அந்தச் சின்ன நெம்புகோலைத் தட்டிவிடலாம்.

சிவப்புக் கைப்பிடி வைத்த பெரிய ஜன்னல் ஒன்று படுக்கை அருகில் இருக்கும். அது தீ விபத்தில் உள்ளேயிருந்து தப்பிப்பதற்கானது, வெளியிலிருந்து திறக்கச் செய்ததல்ல, ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினால் ரப்பர் கிழிந்து அடுத்த மழைக்கு ஒழுகும்.

ஒரு முக்கியமான விஷயம். எந்த ஜன்னலைத் தொடுவதற்கும் முன்னால் பக்கத்தில் இருப்பவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். இருட்டில் ஒருவர் ஆர்வி ஜன்னலை நோண்டிக்கொண்டிருந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. தேசியப் பூங்கா கேம்ப்கிரவுண்டுகளில் பொதுவாக இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை சத்தம் போடக்கூடாத நேரம் வேறு.

கூரை மேல் ஏறாதீர்கள். பின்னால் ஏணி இருக்கிறது, மேலே 14 அங்குலச் சதுரத்தில் காற்று போகும் திறப்பும் இருக்கிறது, ஆசையாகத்தான் இருக்கும். அதன் வழியாகப் பெரியவர் யாரும் இறங்க முடியாது, வாடகை ஒப்பந்தங்களும் பொதுவாகக் கூரையில் ஏறுவதைத் தடை செய்கின்றன. வெளியே நீளும் அறையான ஸ்லைட்-அவுட்டை இடுக்கில் கம்பி விட்டு நெம்புவதும் வேண்டாம்.

படி 5: யாரைக் கூப்பிடுவது

வாடகை வண்டி என்றால் முதலில் வாடகைக் கம்பெனி, வேறு யாரும் அப்புறம்தான். அவர்களைக் கேட்காமல் நீங்களே பூட்டைத் துளைத்தால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழும். போனும் உள்ளே மாட்டிக்கொண்டதா? பல வாடகை வண்டிகளின் உடம்பிலேயே பெரிதாக நம்பர் எழுதியிருக்கும், போனை யாரிடமாவது இரவல் வாங்குங்கள்.

சொந்த வண்டி என்றால் டிரிபிள் ஏ, குட் சாம், கோச்-நெட் மாதிரி சாலை உதவித் திட்டம் எதில் இருக்கிறீர்களோ அது. காருக்கு எடுத்த திட்டம் ஆர்விக்கும் செல்லும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், டிரிபிள் ஏ-யில் ஆர்விக்கென்று தனிச் சேர்க்கை உண்டு, அதைப் பார்த்துக்கொண்டு ஊருக்குக் கிளம்புவது நல்லது.

போனில் பேசும்போது "மோட்டார்ஹோம் கதவு" என்று மட்டும் சொன்னால் பல ஆட்கள் தயங்குவார்கள். "ஃபோர்டு வேனின் டிரைவர் கதவைத் திறந்தால் போதும்" என்று சொல்லுங்கள். அது அவர்களுக்குத் தினமும் செய்கிற வேலை. வருபவர் கதவின் மேல் ஓரத்தில் பிளாஸ்டிக் ஆப்பு ஒன்றைச் சொருகி, தட்டையான காற்றுப் பையை உள்ளே விட்டுக் கையால் பம்ப் அடிப்பார், பை உப்ப உப்பக் கதவின் மேல் பாகம் ஒரு விரல் நுழையும் அளவுக்கு விலகும், அந்த இடுக்கில் ரப்பர் உறை போட்ட நீளக் கம்பியை விட்டுப் பூட்டு பட்டனை அழுத்துவார். பழகிய கை என்றால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிடும். துணி மாட்டும் ஹேங்கரை நிமிர்த்தி நாமே இதைச் செய்ய நினைத்தால் பெயின்ட்டும் ரப்பரும்தான் போகும்.

நீங்களே பூட்டுக்காரரைத் தேடினால் கொஞ்சம் உஷார். தேடலில் மிகக் குறைந்த விலை காட்டி, வந்தபின் "இது சாதாரணப் பூட்டு இல்லை, டிரில் போட வேண்டும்" என்று பல மடங்கு கேட்பது அங்கே பழைய மோசடி, எஃப்டிசி எனும் மத்திய வணிக ஆணையமே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. வருகைக் கட்டணம், தூரம், இரவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று போனிலேயே கேளுங்கள். எடுத்த எடுப்பில் டிரில்லை வெளியே எடுத்தால் வேண்டாம் என்று அனுப்பிவிடலாம். உங்கள் வண்டிதானா என்று அவர் கேட்பார், லைசென்ஸ் உள்ளே இருந்தால் ஒப்பந்தத்தின் படம் ஈமெயிலில் இருப்பது கைகொடுக்கும்.

சிக்னல் இல்லாத இடம் என்றால் கேம்ப்கிரவுண்டைப் பார்த்துக்கொள்ளும் கேம்ப் ஹோஸ்ட்டைத் தேடிப் போங்கள், பெரும்பாலும் நுழைவாயில் அருகிலேயே அவர்கள் வண்டி நிற்கும். ரேஞ்சர் அலுவலகத்தில் போன் இருக்கும். ஐபோன் 14 அல்லது அதற்குப் பிந்தையது கையில் இருந்தால், அமெரிக்காவில் சாட்டிலைட் வழியாகவே டிரிபிள் ஏ-க்குச் செய்தி அனுப்பும் வசதி 2023-லிருந்து இருக்கிறது, திறந்த வானம் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

உதவி வர நேரமாகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பில் டிரெய்லர் வில்லேஜ் என்ற கேம்ப்கிரவுண்டில் நிற்கிறீர்கள் என்றால் வில்லியம்ஸ் ஊர் 60 மைல், ஃபிளாக்ஸ்டாஃப் 80 மைல். அந்த இடம் ஏறக்குறைய 7,000 அடி உயரம், மே மாதத்திலும் இரவு நடுக்கும். டீ-ஷர்ட்டோடு படியில் உட்கார்ந்து காத்திருக்காமல் பக்கத்து வண்டிக்காரரிடம் ஒரு ஜாக்கெட் கேளுங்கள். கேம்ப்கிரவுண்டில் இப்படிக் கேட்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, பெரும்பாலும் காபியும் சேர்ந்தே வரும்.

அடுத்த தடவைக்கு

வாடகை எடுக்கும்போதே இரண்டாவது சாவிக்கொத்து இருக்கிறதா என்று கேளுங்கள். கொடுத்தால் அதையும் அதே டிராயரில் போடாமல் வேறொருவர் பாக்கெட்டில் இருக்கட்டும்.

சொந்த வண்டிக்காரர்களுக்கு இன்னும் நல்ல வழி உண்டு. இப்போதைய வண்டிச் சாவிகளின் தலைக்குள் சிப் இருக்கிறது, அது இல்லாமல் இன்ஜின் கிளம்பாது. ஆனால் கதவின் துளைக்கு சிப் தேவையில்லை. ஹார்டுவேர் கடையில் சிப் இல்லாத வெறும் சாவி ஒன்றைக் குறைந்த செலவில் வெட்டிக்கொள்ளலாம், கதவைத் திறக்கும், வண்டியைக் கிளப்பாது. அதை நம்பர் பூட்டு வைத்த சின்னப் பெட்டியில் போட்டு வெளியே எங்காவது மாட்டிவிட்டால், யார் கையில் சிக்கினாலும் வண்டியை ஓட்டிக்கொண்டு போக முடியாது. காந்தப் பெட்டி வாங்கினால் வண்டியின் பக்கவாட்டில் ஒட்டிப் பார்க்காதீர்கள், அது ஃபைபர்கிளாஸ் அல்லது அலுமினியம், ஒட்டாது. அடியில் இருக்கும் இரும்புச் சட்டத்தில்தான் ஒட்டும், அதுவும் குண்டும் குழியுமான சாலையில் விழுந்துவிடும், எனவே ஒரு கம்பியால் கட்டியும் வையுங்கள். பெட்டிக்குள் போடுவதற்கு முன் அந்தச் சாவியைக் கதவில் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள், கடையில் வெட்டிய சாவி முதல் தடவையே சரியாக உட்காரும் என்று சொல்ல முடியாது.