சதவீதத்தை ஆட்களாக மாற்றி எழுதுங்கள்

ஆய்வு முடிவைப் பொது வாசகருக்கு எழுதும்போது "ஆபத்து 18 சதவீதம் கூடுகிறது" மாதிரி வரியை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். எதிலிருந்து கூடுகிறது என்று சொல்லாத சதவீதம் பயமுறுத்தும், அவ்வளவுதான்.

பதப்படுத்திய இறைச்சியை, அதாவது பேக்கன், சாசேஜ் வகையறாவை, தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடும் என்று 2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சொன்னது நினைவிருக்கலாம். பிரிட்டனில் ஏறத்தாழ 100 பேரில் 6 பேருக்கு வாழ்நாளில் இந்த நோய் வருகிறது. 6-இல் 18 சதவீதம் கிட்டத்தட்ட 1, ஆக அந்த 100 பேரும் ஆயுள் முழுக்கத் தினம் பேக்கன் தின்றால் 6 பேர் என்பது 7 பேர் ஆகும். இப்படி எழுதினால் சாப்பிடுவதா வேண்டாமா என்று வாசகரே முடிவு செய்துகொள்வார்.

அப்புறம், அந்த முகமை புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றைப் பிரிவு பிரிவாக வகைப்படுத்துகிறது; "புகையிலை இருக்கும் அதே பிரிவில் இறைச்சி" என்றும் அப்போது பேசினார்கள். அந்தப் பிரிவு ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான் சொல்கிறது, ஆபத்தின் அளவை அல்ல. இதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

சரி, அந்த 6-ஐ எங்கே தேடுவது? கட்டுரையின் சுருக்கத்தில் பெரும்பாலும் இருக்காது, அட்டவணையில் ஒப்பீட்டுக் குழுவின், அதாவது அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் அல்லது குறைவாக உள்ளவர்களின், எண்ணைப் பாருங்கள், இல்லையென்றால் அந்தந்த நாட்டின் புற்றுநோய்ப் பதிவேடு. இந்தியாவில் இந்த நோய் பிரிட்டனைவிடக் குறைவு, அதனால் அங்கத்திய 6-ஐ இங்கே ஒட்டாதீர்கள்.