மரணக் காட்சியை விவரிக்காமல் விமர்சனம் எழுதுவது எப்படி?

2017 ஏப்ரலில் '13 ரீசன்ஸ் ஒய்' என்ற நெட்ஃபிளிக்ஸ் தொடரை இரண்டே இரவில் பார்த்து முடித்தேன். மூன்றாம் நாள் காலையிலேயே விமர்சனத்தை வெளியிட்டுவிட்டேன். கடைசி அத்தியாயத்தில் நாயகி, பள்ளி மாணவி ஹன்னா பேக்கர் உயிரை மாய்த்துக்கொள்ளும் காட்சிக்கு மட்டும் இரண்டு பத்திகள். கேமரா எங்கே நின்றது, எதையெல்லாம் காட்டியது, எவ்வளவு நேரம் காட்டியது, ஒன்றையும் விடவில்லை. 'துணிச்சல்' என்ற சொல்லை மூன்று இடத்தில் போட்டிருந்தேன். அன்று மாலை அக்கா போன் செய்தாள். மனநலப் பிரிவில் செவிலியராக இருப்பவள்.

"தம்பி, நீ எழுதினதை என் வார்டுல இருக்கிற பதினாறு வயசுப் பொண்ணு படிச்சா அவளுக்கு என்ன கிடைக்கும்னு யோசிச்சியா?"

"விமர்சனம்தானே அக்கா எழுதியிருக்கேன்..."

"இல்லடா, செய்முறை எழுதியிருக்கே."

அந்த இரண்டு பத்திகளையும் அன்றிரவே நீக்கினேன். அதற்குப் பிறகு பதின்வயதினரின் தற்கொலையைத் தொடும் தொடர்களைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் ஒரு முறையைக் கடைப்பிடிக்கிறேன். நீங்களும் எழுதுபவர் என்றால் உதவலாம்.

முழுத் தொடரையும் பாருங்கள், அவசரம் வேண்டாம். பார்க்கும்போது ஒரு கேள்வியைத் தாளின் மேல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: இந்த மரணம் கதைக்குள் அந்தப் பெண்ணுக்கு என்ன வாங்கித் தருகிறது? ஹன்னா தன் குரலைப் பதிவு செய்த ஏழு கேசட்டுகளை விட்டுச் செல்கிறாள். கேசட்டுகளில் பதின்மூன்று பக்கங்கள், ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் மீதான குற்றச்சாட்டு. உயிரோடு இருந்தபோது காது கொடுக்காதவர்கள் எல்லாரும் இப்போது ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேட்கிறார்கள். அவளை நேசித்த சக மாணவன் க்ளே ஜென்சன் உருகுகிறான், தவறு செய்தவர்கள் நடுங்குகிறார்கள். நிஜத்தில் இறந்துபோன பிள்ளை இதில் எதையும் பார்க்கப்போவதில்லை. தொடரிலோ அவள் எங்கும் போகவில்லை. குரலாகவும் நினைவாகவும் ஒவ்வொரு அத்தியாயத்திலும் வந்துகொண்டே இருக்கிறாள். அதாவது, மரணம் இங்கே வென்று முடித்த ஒரு வாக்குவாதம். தொடரின் பெரிய பிழை இது என்பது என் கருத்து. என் முதல் விமர்சனத்தில் இதைக் கோட்டைவிட்டேன், ஏனென்றால் ஒற்றைக் காட்சியிலேயே கண் நிலைகுத்தி இருந்தது. ஏறக்குறைய மூன்று நிமிடம் ஓடும் அந்தக் காட்சியை 2019 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸே வெட்டிவிட்டது. கேசட்டுகள் அப்படியேதான் இருக்கின்றன.

அடுத்து, உதவி கேட்டவருக்கு என்ன நடக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஹன்னா கடைசியாகப் பள்ளி ஆலோசகர் போர்ட்டரிடம் போகிறாள். தனக்கு நடந்த வன்முறையைப் பாதி சொல்லி, பாதி விழுங்குகிறாள். அதைச் செய்தவனின் பெயரைச் சொல்ல முடியாது என்றால் கடந்து போவதுதான் வழி என்ற தொனியில் அவர் பேசி அனுப்பிவிடுகிறார். இப்படிப்பட்ட ஆலோசகர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கதையில் அவளுக்குக் காட்டப்படும் கதவு இந்த ஒன்றுதான், அதுவும் மூடுகிறது. அமெரிக்கப் பள்ளி உளவியலாளர்களின் தேசியச் சங்கம், ஏற்கெனவே மனம் நொந்திருக்கும் பிள்ளைகள் இந்தத் தொடரைப் பார்க்க வேண்டாம் என்று 2017இலேயே எச்சரித்தது. விமர்சனத்தில் 'ஆலோசகர் மோசம்' என்று மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள். வேறு எங்காவது, ஒரு முறையாவது, உதவி பலித்ததா என்று தேடிப் பார்த்து அதையும் எழுதுங்கள்.

காட்சியைச் சொல்லாமல் எப்படிக் குறை சொல்வது என்று கேட்பீர்கள். "கடைசி அத்தியாயம் ஹன்னாவின் மரணத்தை நேரடியாக, நீளமாகக் காட்டியது, அதற்குத் தேவை இருக்கவில்லை." இவ்வளவு போதும். எப்படி, எதைக் கொண்டு, எங்கே என்ற மூன்றும் உங்கள் வாக்கியத்தில் வரவே கூடாது. தலைப்பிலும் படத்திலும்கூடத்தான். தற்கொலையைத் திரையில் காட்டுவது பற்றித் திரைக்கலைஞர்களுக்காகவே உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஒரு கையேடு வெளியிட்டிருக்கிறது. விமர்சகர்களான நாமும் அதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

தமிழில் எழுதும்போது இன்னொரு வம்பு உண்டு. நம் செய்தித்தாள்கள் பழக்கிவைத்த சொற்கள். 'விபரீத முடிவு', 'மரணத்தைத் தழுவினாள்', 'கோழைத்தனம்', 'தற்கொலை முயற்சி தோல்வி'. தழுவுவதற்கு அது என்ன காதலனா? பிழைத்து வந்தவரை 'தோல்வி' என்று எழுதினால், வெற்றி எது என்று அர்த்தம்? 'உயிரை மாய்த்துக்கொண்டாள்', 'உயிர் பிழைத்தார்' என்று நேராக எழுதினால் வேலை முடிந்தது. 'காரணம்' என்ற ஒருமையிலும் கவனமாக இருங்கள். தொடரின் தலைப்பே பதின்மூன்று காரணங்களைப் பட்டியல் போட்டு ஆளுக்கு ஒன்றாகப் பகிர்ந்து கொடுக்கிறது. மனச்சோர்வு என்ற நோயைப் பற்றிய பேச்சு மிகக் குறைவு.

எண்களுக்கு வருவோம். தொடர் வெளியான பிறகான 19 நாட்களில் தற்கொலை தொடர்பான கூகுள் தேடல்கள் எதிர்பார்த்ததைவிட 19 சதவீதம் அதிகம் என்று 2017இல் ஓர் ஆய்வு வந்தது. அந்தத் தேடல்களில் வழிமுறை தேடியவையும் இருந்தன, உதவி எண் தேடியவையும் இருந்தன. 2019இல் வந்த இன்னோர் ஆய்வு, 2017 ஏப்ரலில் அமெரிக்காவில் 10 முதல் 17 வயதினரின் தற்கொலை விகிதம் 28.9 சதவீதம் கூடியதாகச் சொன்னது. விமர்சகர்கள் எல்லாரும் இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டோம். ஆனால் ஹன்னாவோடு ஒன்றிப்போகக்கூடிய பெண்பிள்ளைகளிடம் தெளிவான உயர்வு தெரியவில்லை, பையன்களிடம்தான் தெரிந்தது. அப்புறம் டேனியல் ரோமர் என்ற ஆய்வாளர் அதே தரவுகளை எடுத்து, ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த போக்கைக் கழித்துப் பார்த்து, அந்த முடிவு நிற்கவில்லை என்றார். எனவே 'தொடரால் இறந்தார்கள்' என்று எழுதாதீர்கள். 'அதே மாதத்தில் கூடியது, ஆய்வாளர்களிடையே இதில் உடன்பாடு இல்லை' என்று எழுதுங்கள். சப்பென்று இருக்கும், பரவாயில்லை.

எதிர்த்தரப்பையும் ஒழுங்காகச் சொல்லுங்கள். தொடரின் எழுத்தாளர்களில் ஒருவரான நிக் ஷெஃப், வலியை மறைக்காமல் காட்டுவதே பொறுப்பு என்று 2017இல் வெளிப்படையாக வாதிட்டார். எனக்கு உடன்பாடில்லை, ஆனால் அது சில்லறை வாதம் இல்லை.

விமர்சனத்தின் கீழே உதவி எண் கொடுங்கள்: அமெரிக்காவில் 988, இந்தியாவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416. வேறு நாட்டு வாசகர்கள் அதிகம் என்றால் அங்குள்ளதையும் தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுதியதும் ஒரு நாள் தள்ளிப்போட்டு, இந்தப் பிள்ளைகளோடு பழகும் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். 2020 ஜூனில் நான்காவது சீசனோடு தொடர் முடிந்தபோது மறுபடி எழுதி, முதலில் அக்காவுக்குத்தான் அனுப்பினேன். ஒரே ஒரு வாக்கியத்தை அடித்திருந்தாள்: "எந்தப் பிள்ளையும் இதைப் பார்க்கக் கூடாது." பக்கத்தில் அவள் கையெழுத்தில், "பார்த்துட்டு என்கிட்ட வந்து பேசின பிள்ளைங்களும் இருக்காங்க தம்பி."